உட்கார ஓர் ஆள் தேவை

வெள்ளானூரில் ஒருவர் ஃபிளெக்ஸில் ஏறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. காது குத்தினால் ஏறலாம். வார்டு தேர்தலில் டெபாசிட் போனாலும் "வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி" என்று கைகூப்பிக்கொண்டு ஏறலாம். செத்துப்போனால் சொல்லவே வேண்டாம், சொந்தக்காரர்களே பிடித்து ஏற்றிவிடுவார்கள். இதில் எதையுமே செய்யாத வரலட்சுமி, மாலத்தீவிலிருந்து வந்து இறங்கிய வாரமே கூட்டுரோட்டில் டீக்கடை உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். கத்திரி வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் லண்டன் மணிக்கூண்டு. காலடியில் "உலகம் போற்றும் சர்வதேசக் கல்வியாளர் நமது பள்ளியில்" என்று மஞ்சள் எழுத்து.

ஆவடி மார்க்கெட்டிலிருந்து கணவனின் வண்டியில், மடியில் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தவள் அவன் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க. யாருங்க அது?"

"நீதான்," என்றான் திருவேங்கடம்.

"எனக்கு ஏதுங்க கோட்டு?"

"கம்ப்யூட்டர்ல மாட்டி உட்டுக்கீறாங்க. நல்லாத்தான் கீது. கழுத்துதான் கொஞ்சம் வேற யாருதோ மாதிரி கீது."

"லண்டன் எதுக்கு வந்துது?"

"அத்த நானே ஃபிளெக்ஸ் கடைல கேட்டேன் லச்சுமி. மால்தீவ்ஸ்னு போட்டா நெட்டுல வெறும் தேனிலவு ஜோடியா வருதாம். அரை நிஜாரோட ஒரு ஆளு, அதுகூட இல்லாத ஒரு பொம்பள. பள்ளிக்கூடத்துக்கு ஆவுமா? அதான் மணிக்கூண்டு. கௌரவமா கீதுல்ல."

வேலை கேட்டு ஒரு மனு கொடுத்ததைத் தவிர வரலட்சுமி அந்தப் பள்ளிக்கு எதுவும் செய்திருக்கவில்லை. "கூப்பிட்டு அனுப்புகிறோம்" என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஹேமநாதன். பெயருக்கு முன்னால் "கல்விக்காவலர்" என்று போட்டுக்கொள்வார். அந்தப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று யாராவது கேட்டால் அதே ஃபிளெக்ஸ் கடைக்காரர்தான் சாட்சி சொல்ல வேண்டும். அப்பா நெல் போட்ட நிலத்தில் மகன் மனை போட்டார். எல்லா மனையும் விற்றது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற தாழ்ந்த பக்கம் மட்டும் விற்கவில்லை. அங்கே கல்வியைக் கட்டிவிட்டார்.

கூப்பிட்டு அனுப்பியபோது வரலட்சுமி சான்றிதழ்களை எல்லாம் அடுக்கிக்கொண்டு போனாள். அவளிடமும் சற்றுப் பந்தா இருந்தது, மறைப்பதற்கில்லை. வெளிநாட்டில் எட்டு வருஷம் இருந்தவர்களுக்கு "கற்றல் அடைவு", "மாணவர் மையம்" போன்ற வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிடும், புளிப்பு மிட்டாய் சாயம் மாதிரி.

"வரவேண்டும் அம்மையீர்," என்றார் ஹேமநாதன் மேடைத் தமிழில். "கடல் கடந்து கல்வி ஒளி பரப்பிய தங்களைப் போன்றோர் இம்மண்ணுக்குத் திரும்புவது இப்பகுதியின் பாக்கியம்."

"ஒளிலாம் ஒண்ணும் பரப்பல சார். மூணு தீவுல, மூணு ஸ்கூல்ல கணக்கு நடத்தினேன். ஒவ்வொரு தீவும் நம்ம அயனம்பாக்கம் ஏரியில பாதிகூட இருக்காது."

"தன்னடக்கம். தங்களுக்கு 'இன்டர்நேஷனல் அகாடமிக் டைரக்டர்' என்ற பொறுப்பை அளிக்கிறோம். ஏசி ரூம். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோரைப் பார்த்து இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேச வேண்டும். கோட்டு நாங்களே தைத்துத் தருகிறோம்."

"கிளாஸ் சார்?"

"எந்த கிளாஸ்?"

"நான் எடுக்கற கிளாஸ். பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கறேன்னுதான எழுதிக் குடுத்தேன்."

ஹேமநாதன் சிரித்தார். சிரித்ததில் மேடைத் தமிழ் வேட்டி மாதிரி நழுவிவிட்டது.

"அட இன்னாம்மா நீ. கிளாஸ் எடுக்கறதுக்கு ஆள் கீறாங்க. ஒக்கார்றதுக்குத்தான் ஆள் இல்ல."

"ஒக்கார்றதுக்கு நான் எதுக்கு சார் பிளேன் ஏறி வரணும்?"

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். ஃபிளெக்ஸ் ஏற்கெனவே கூட்டுரோட்டில் நிற்கிறது. ஆளை விட்டுவிட்டால் ஃபிளெக்ஸை இறக்க வேண்டும், அது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

"சரி. சனிக்கெழம அட்மிஷன் பெத்தவங்க வர்றாங்க. பத்தாவது போற பசங்க ஸ்பெஷல் கிளாஸுக்கு வர்றாங்க. அவங்கள வெச்சி எல்லார் முன்னாடியும் ஒரு டெமோ கிளாஸ் எடு. ஜனத்துக்குப் புடிச்சா கிளாஸு. புடிக்கலன்னா கோட்டு. சம்மதமா?"

"சம்மதம் சார்," என்றாள் வரலட்சுமி. கோட்டு அவள் கணக்கில் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பிளேன்தான். கடைசியாக இருந்த தீவுப் பள்ளியில் அவள் இடத்தை ஞாயிற்றுக்கிழமை வரை காலியாக வைத்திருந்தார்கள். அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீடு கட்டத்தான் போனாள். அப்போது மகள் கிருஷ்ணப்பிரியா ஒன்றாம் வகுப்பு. கீழ் வீடு கட்டி முடித்தபோது திரும்பியிருக்கலாம், மேலே ஒரு மாடி எடுத்தால் நல்லது என்று தோன்றியது. மாடியும் எடுத்தாயிற்று, வாடகைக்கும் ஆள் வந்தாயிற்று. இப்போது பெண் ஹேமநாதன் பள்ளியிலேயே பத்தாவது போகப் போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற அம்மாவை அவள் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள். "டீ வேணுமா, ஃபேன் வெக்கட்டா, துண்டு எடுத்துத் தரட்டா" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதுபோல. வரலட்சுமிக்கு அந்த மரியாதைதான் உறுத்தியது.

திருவேங்கடத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடப்பான். வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் இரும்புச் சுருள் மினுக்கும். இந்த எட்டு வருஷத்தில் அவன் இரண்டு காரியம் கற்றுக்கொண்டிருந்தான். ஒன்று, சமையல். காரக்குழம்பில் அவனை அடிக்க அந்தத் தெருவில் பொம்பளை கிடையாது. மற்றது, பொய். அதைப் பிறகு பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரலட்சுமி லேப்டாப்பில் டெமோ வகுப்புக்குப் படம் படமாகச் செய்துகொண்டிருந்தாள். சதுரம் பறந்து வந்து உட்கார்ந்தது. எழுத்து சுழன்று சுழன்று விழுந்தது. திருவேங்கடம் கத்திரிக்காயைப் பிளந்துகொண்டே எட்டிப் பார்த்தான்.

"இன்னா லச்சுமி, சர்க்கஸ் கணக்கா கீது?"

"இதுக்குப் பேரு பிரசன்டேஷன். பசங்க தானே கண்டுபுடிச்சிக் கத்துக்கணும். நாம வழி காட்டறதோட சரி."

"எங்க மேஸ்திரியும் எனக்கு வழி காட்டுனாரு. தலைல ஒண்ணு போட்டு, 'தோ அந்த வழியா போயி டீ வாங்கினு வா'ன்னு."

பிரியா சிரித்தாள். அம்மா பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பிரியா, நாளைக்கு நீயும் அந்த கிளாஸ்ல இருப்பல்ல?"

"இருப்பேம்மா."

"ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்தான் எடுக்கப் போறேன். ஒனக்குத்தான் தெரியுமே. போன்ல சூப்பரா போடறேன்னு சொல்வியே."

"ம்."

"ஒண்ணு போட்டுக் காட்டேன்."

"நைனா, அடுப்புல எண்ண காயுது பாரு," என்றாள் பிரியா.

"ஆமா ஆமா, காயுது," என்றான் திருவேங்கடம். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே வெயில் பள்ளிக்கூட ஷீட் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஹாலில் நடுவே பிள்ளைகள் தரையில், சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர். பெற்றோருக்கு ரஸ்னா. திருவேங்கடம் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன் நாற்காலியில் பக்கத்துத் தெரு ராஜம்மா. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷன், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். அவள் மகள் நிஷா, பிரியாவின் வகுப்பு.

வரலட்சுமி மேடை ஏறுவதற்கு முன் ஹேமநாதன் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒரு விஷயம். பசங்களுக்கு ரெண்டு நாளா டிரெய்னிங் குடுத்துக்கீது. நீ இன்னா கேட்டாலும் அத்தினி பேரும் கை தூக்குவாங்கோ. தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. நீ வலது கையா பாத்துக் கேட்டுகினே போ. பாக்கறவங்களுக்குப் பள்ளிக்கூடமே அறிவுக்களஞ்சியமா தெரியும். ஃபாரின்ல இதெல்லாம் இருக்காது, அதான் சொல்றேன்."

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஆவடியில் படித்த காலத்தில் இன்ஸ்பெக்ஷன் நாளில் அவளே கை தூக்கியிருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாடத்திட்டம் எத்தனையோ தடவை மாறிவிட்டது, இந்த ஒரு பாடம் மட்டும் மாறவே இல்லை. தப்புதான். ஆனால் கிளாஸ் வேண்டும். உள்ளே வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உள்ளே போய்த் திருத்துகிறேன் என்று போனவர்கள் எல்லாரும் உள்ளேயே ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு அந்த நேரம் நினைவு வரவில்லை.

முதல் கேள்வி கேட்டாள். "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர், விரிச்சி யார் சொல்வீங்க?"

ஹால் முழுக்கக் கை. பெற்றோர் மத்தியில் "அடேயப்பா" என்று ஒரு முனகல். ஹேமநாதன் மீசையைத் தடவினார். வலது கை ஒன்றை எழுப்பினாள். அந்தப் பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தது. ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர். கைதட்டல்.

"நல்லது. அந்த டூ ஏபி எங்கேர்ந்து வந்துது? யாருக்குத் தெரியும்?"

மறுபடி அத்தனை கையும். இந்தத் தடவை அநேகமாக எல்லாம் இடது. வலது கையைத் தேடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவளின் கண் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டது.

பிரியா. இடது கை. தோள்பட்டை வலிக்கும் அளவுக்கு விறைப்பாக, ஒழுங்காக, சொல்லிக் கொடுத்தபடி தூக்கியிருந்தாள். முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. ரொம்ப நாளாகச் செய்து பழகிய காரியத்தைச் செய்கிறவளின் முகம்.

எட்டு வருஷ வீடியோ கால்கள் வரலட்சுமிக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. "மாத்ஸ் எப்படி பிரியா?" என்று கேட்டால் போதும், "சூப்பர்மா" என்ற ஒரு சொல்லோடு படம் உறைந்துவிடும். திருவேங்கடம் வந்து, "நெட்டு சரியில்ல லச்சுமி" என்பான். வெள்ளானூரில் கணக்குப் பாடத்தைக் கேட்டால் மட்டும் போய்விடுகிற நெட்டு.

லேப்டாப்பை மூடினாள். பறந்து வரவிருந்த சதுரங்கள் எல்லாம் பறக்காமலே போயின.

"எல்லாரும் கைய எறக்குங்க," என்றாள். "இப்போ தெரியாதவங்க மட்டும், வலது கைய தூக்குங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் டிரெய்னிங்கில் இப்படி ஒரு கேள்வி வரவில்லை. ஹேமநாதன் தொண்டையைச் செருமினார். அது இருமல் இல்லை, எச்சரிக்கை. வரலட்சுமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தீவுப் பள்ளிக்கான ஞாயிற்றுக்கிழமை பதிலை மனதுக்குள் எழுதிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம்: வருகிறேன்.

தூணுக்குப் பின்னால் திருவேங்கடம் தலை குனிந்துகொண்டான்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை அசைந்தது. காது சொறிவதுபோல் பாதி போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு நேராக ஏறியது. பிரியாவின் வலது கை. அம்மாவைப் பார்த்தபடியே தூக்கினாள்.

அடுத்து நிஷா. அதற்கடுத்து ஹாலே.

"அய்ய," என்று எழுந்தாள் ராஜம்மா. "அத்தினி பேருக்கும் தெரியாதா? இம்மாந்நேரம் இன்னாத்துக்குடி கைய தூக்கிகினு இருந்தீங்க?"

"தூக்கச் சொன்னாங்கம்மா," என்றாள் நிஷா.

"எவன் சொன்னது?"

"தாய்மார்கள் அமைதி காக்கவும்," என்றார் ஹேமநாதன் மைக்கில்.

"அமைதிலாம் அப்பால காக்கறேன். எம்மா டீச்சரு, எனுக்கும் தெரியாது. நான் ரெண்டு கையும் தூக்கறேன். அது இன்னான்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ. தூக்கத்த உட்டுட்டு வந்துக்கீறேன்."

வரலட்சுமி போர்டில் ஒரு சதுரம் போட்டாள்.

"பிரியா, இங்க வா. இது ஒன்னோட மனை. நீளம் ஏ அடி, அகலமும் ஏ அடி. எவ்ளோ எடம்?"

"ஏ இன்டு ஏ. ஏ ஸ்கொயர்."

"மனை பத்தல. கெழக்கால பி அடி வாங்கற. வடக்கால பி அடி வாங்கற. வரஞ்சி காட்டு."

பிரியா இரண்டு பக்கமும் பட்டையாக வரைந்தாள். வெள்ளானூர் பிள்ளைக்கு மனை வரையச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடக்கக் கற்கும் முன்பே கல் நட்ட இடத்தில் விளையாடியவர்கள்.

"இந்தப் பட்டை எவ்ளோ?"

"நீளம் ஏ, அகலம் பி. ஏபி."

"அந்தப் பட்டை?"

"அதுவும் ஏபி." சாக்பீஸ் நின்றது. "ரெண்டு ஏபி. அதான் டூ ஏபியா?"

"அவ்ளோதான். இப்ப மொத்த எடமும் சதுரமா வந்துச்சா?"

"வர்ல. மூலைல பல்லு விழுந்த மாதிரி கீது."

"அது கார்னர் பிட்டும்மா," என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். ஹேமநாதன் எழுந்து நின்றிருந்தார். கல்விக்காவலர் போய், பழைய மனை வியாபாரி வந்துவிட்டிருந்தார். "ரெண்டு சைடும் வாங்கிட்டு எவனாவது கார்னர உடுவானா? அதுக்குத்தான் ரேட்டே. அத்தயும் சேத்து வாங்கு."

"எவ்ளோ சார் வரும் அது?"

"பி அடி, பி அடி. பி ஸ்கொ..." அங்கேயே நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி மனப்பாடம் செய்த வரியை அவர் வாழ்நாள் முழுக்கக் கல் நட்டு விற்றிருக்கிறார். அது இதுதான் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஹால் சிரித்தது. கேலியாக இல்லை. அவரோடு சேர்ந்து தெரிந்துகொண்டவர்களின் சிரிப்பு.

"சார்," என்று பட்டாபிராம் பக்கமிருந்து வந்த ஒரு அப்பா கை தூக்கினார். "ஃபிளெக்ஸ்ல கோட்டு போட்டுகினு ஒரு லண்டன் மேடம் கீறாங்களே, அவங்க எப்ப வருவாங்கோ?"

ஹேமநாதன் மைக்கை எடுப்பதற்குள் அந்த அப்பாவே தொடர்ந்தார்.

"வந்தா வரட்டும் சார், அவங்க ஆபீஸ்லயே இருக்கட்டும். எம் பொண்ணுக்கு இந்தம்மா கிளாஸ் எடுக்கறதா இருந்தா அட்மிஷன் போடறேன்."

"அத்தயே நானும் சொல்றேன்," என்றாள் ராஜம்மா.

நாலைந்து நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. அட்மிஷன் என்ற வார்த்தைக்கு ஹேமநாதனின் காது மிகவும் கூர்மை. மைக்கை எடுத்தார். மேடைத் தமிழ் மறுபடி இடுப்பில் ஏறியது.

"பெற்றோர்களே, தெரியாததைத் தெரியாது என்று துணிந்து சொல்லும் மாணவர்களை உருவாக்குவதே நமது பள்ளியின் தொலைநோக்கு. அதன் ஒரு துளியைத்தான் திட்டமிட்டு இன்று காட்டினோம். பத்தாம் வகுப்புக் கணிதம், இந்த அம்மையார்தான்."

கைதட்டல் நிஜமாகவே பலமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கும்போது அவர் வரலட்சுமியின் காதருகே வந்தார்.

"மானத்த வாங்கிட்டியேம்மா."

"கார்னர் பிட்ட நீங்கதான் சார் வாங்கினீங்க."

"அது கெடக்குது. இந்த ஏ கியூப், பி கியூப் ஒண்ணு வருமே, அதுக்கும் மனை கீதா?"

"அதுக்கு மாடி எடுக்கணும் சார். ஜூன்ல வாங்க, சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது மூன்று பேரும் ஒரே வண்டியில். பிரியா நடுவில். வெள்ளானூர் திருப்பத்தில் வண்டி வேகம் குறைந்தது.

"லச்சுமி," என்றான் திருவேங்கடம், முதுகைத் திருப்பாமலே. "அந்த நெட்டு..."

"தெரியும்."

"அவ்ளோ தூரத்துல ஒத்தையா கீற. இத்த வேற சொல்லி, நீ அங்க ஒக்காந்துகினு அழுவியேன்னு..."

"ரோட்ட பாத்து ஓட்டுங்க."

நடுவில் இருந்த பிரியா அம்மாவின் முழங்காலில் கை வைத்துக்கொண்டாள். பள்ளம் வந்தது, அதனால் என்றும் சொல்லலாம். பள்ளம் போன பிறகும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தீவுப் பள்ளிக்கு "வரவில்லை" என்று தகவல் அனுப்பிவிட்டு வரலட்சுமி கொல்லைப்புறக் குழாயடிக்கு வந்தாள். திருவேங்கடம் ஆவடியிலிருந்து ஒரு முழு வஞ்சிரம் வாங்கி வந்து அருவாமனையில் செவுள் எடுத்துக்கொண்டிருந்தான். நகர்ந்துகொள்ளச் சொல்லி அவள் உட்கார்ந்தாள். பிரியா வாசற்படியில் சாய்ந்து நின்றாள். டீ வேணுமா என்று கேட்கவில்லை.

"அம்மா, நேத்து நீ நடத்துனது நல்லா புரிஞ்சிது."

"சரி."

"அதுக்கு முன்னாடி கீறதுதான் ஒண்ணும் புரியல."

"முன்னாடின்னா?"

"ஒம்போதாவது." கொஞ்சம் யோசித்தாள். "எட்டாவதும் அவ்ளோவா இல்ல."

"பேரம் பேசாத. எங்க நின்னுச்சி, சொல்லு."

பிரியா அப்பாவைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"பின்னம்னு ஒண்ணு வரும்ல. அங்கயே."

அது எந்த வகுப்பு என்று வரலட்சுமிக்குத் தெரியும். அந்த வருஷம் அவள் இரண்டாவது தீவில், தலையில் முக்காடு போட்ட பெண் பிள்ளைகளுக்கு அதே பின்னத்தை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து நடத்திக்கொண்டிருந்தாள். நல்ல பெயர்கூட வாங்கினாள். மீனைக் கழுவிப் பலகையில் நீட்டி வைத்தாள்.

"இத்த துண்டு போடப் போறேன். ஒனக்கு எது வேணும்?"

"நடுத்துண்டு."

"படிக்கறதுக்கு முன்னாடியே பங்கு கேக்குது பாரு," என்றான் திருவேங்கடம்.

"நடுத்துண்டு, மொத்த மீன்ல எவ்ளோ பங்கு?"

பிரியா மீனைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"தெரில," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

வரலட்சுமி எழுந்து, அருவாமனையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.